கேம் முடிவு பிடிக்கவில்லை என்றால் ரசிகர்கள் ஏன் இப்படிச் சண்டை போடுகிறார்கள்?

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நாவலின் முடிவு பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். வீடியோ கேம் ரசிகர்கள் மட்டும் ‘முடிவை மாற்று’ என்று கம்பெனியிடம் ஏன் மல்லுக்கு நிற்கிறார்கள், இது ‘கீக்’ என்கிற கேம் பைத்தியக் கூட்டத்தின் வளராத மனசுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், ‘கேமில் கதை என்பதே இரண்டு சண்டைக்கு நடுவே ஒட்டிவைத்த அட்டைதானே, நான் எப்போதும் கட்சீனைத் (ஆட்டத்தை நிறுத்திவிட்டு நடுவே ஓடும் குட்டிப்படம்) தாண்டிவிடுவேன்’ என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு போனால்தான் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். கேம்களுக்கு வசனமும் கிளைக்கதையும் எழுதுவது பல வருடங்களாக என் தொழில். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். சில கேம்களின் முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது, ஸ்பாய்லர் வேண்டாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கதை அநாவசியம் என்று நினைப்பதில் நீங்கள் தனி ஆள் இல்லை. 1993இல் ‘டூம்’ என்ற துப்பாக்கிச் சண்டை கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக், கேமில் வரும் கதையை ஆபாசப் படத்தில் வரும் கதையோடு ஒப்பிட்டார்: இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள், ஆனால் அது முக்கியமில்லை என்றார். இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடமான பேச்சு அது. டூமைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸுக்கும் கதை எதற்கு? ஆனால் டூமுக்கு 17 வருடம் முன்பே, 1976இல், வில் க்ரௌதர் ‘அட்வென்ச்சர்’ எழுதிவிட்டார். அதில் படமே கிடையாது. குகையை வர்ணிக்கும் வரிகள் திரையில் வரும்; ஆட்டக்காரர் எந்தத் திசையில் போவது, எதைக் கையில் எடுப்பது என்று தட்டச்சு செய்ய வேண்டும். அடுத்த வருடம் டான் வுட்ஸ் அதைப் பெரிதாக்கினார். ஆக, கதை பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட சமாச்சாரம் இல்லை. சில வகைக் கேம்களுக்குத் தேவையில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், கட்சீன். உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. விளையாட உட்கார்ந்தவரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு பத்து நிமிடம் குட்டிப்படம் காட்டினால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஆனால் கேமின் கதை கட்சீனில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வதில்தான் பிசகு. 2013இல் வந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ என்ற சின்னக் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு அண்ணன் தம்பி, நோயாளி அப்பாவுக்கு மருந்து தேடிப் போகிறார்கள். இரண்டு கையாலும் பிடித்து ஆடும் கன்ட்ரோலரில் இடது ஸ்டிக்கும் (நடக்க வைக்கும் குமிழ்) இடது ட்ரிக்கரும் (விரலால் அழுத்தும் பொத்தான்) அண்ணனுக்கு, வலதுபக்கம் இருப்பவை தம்பிக்கு. இரண்டு பேரையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். முதல் அரை மணி நேரம் விரல்கள் பின்னிக்கொள்ளும், போகப்போகப் பழகிவிடும். அம்மா தண்ணீரில் மூழ்கி இறந்ததால் தம்பிக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஆறு குறுக்கிட்டால் அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பான்.

கதையின் கடைசிக் கட்டத்தில் அண்ணன் இறந்துவிடுகிறான். தம்பி அவனை இழுத்துவந்து குழியில் இறக்கி மண் தள்ளுவதை நாம்தான் கன்ட்ரோலரில் செய்ய வேண்டும். அப்போதிலிருந்து இடது கைக்கு வேலை இல்லை. அது சும்மா கிடப்பது நமக்கே விநோதமாக உறுத்தும். மருந்தோடு வீட்டை நெருங்கும்போது வழியை மறித்துக்கொண்டு தண்ணீர். வலது ட்ரிக்கரை எவ்வளவு அழுத்தினாலும் தம்பி கரையிலேயே நடுங்கி நிற்கிறான். என்ன செய்வது என்று தெரியாமல், ஏதோ ஒரு யோசனையில் அண்ணனுடைய இடது ட்ரிக்கரை அழுத்துகிறோம். தம்பி தண்ணீரில் இறங்கி நீந்துகிறான். ஒரு வார்த்தை வசனம் இல்லை. பாத்திரங்கள் பேசுவதே ஏதோ இல்லாத ஒரு மொழி. இதை யூட்யூபில் பார்த்தால் ஒரு பையன் நீந்துவது மட்டும்தான் தெரியும், ஏனென்றால் நடந்தது திரையில் இல்லை, ஆடுகிறவரின் இடது கையில். நாவலாலும் சினிமாவாலும் செய்ய முடியாத காரியம் என்று கேமில் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இதைத்தான்.

இதற்கு நேர்மாறான பாணியும் உண்டு. ‘டார்க் சோல்ஸ்’ (2011) கதையைச் சொல்லாமல் ஒளித்து வைக்கிறது. மோதிரத்தின் விவரக்குறிப்பில் ஒரு வரி, எங்கோ ஒரு பிணம் சாய்ந்து கிடக்கும் திசை, ஒரு கிழவி பாதியில் நிறுத்திய பேச்சு, அவ்வளவுதான் கிடைக்கும். அதன் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி சிறு வயதில் தன் வாசிப்புத் திறனுக்கு மீறிய ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து, புரியாத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதே அனுபவத்தைத்தான் நமக்கும் வைத்திருக்கிறார் போலிருக்கிறது. விளைவு என்ன? ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து அந்தக் கதையை முழுசாகக் கோத்துவிடுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஒருவர் ஒரு வாளின் குறிப்பைக் கொண்டுவர, இன்னொருவர் சுவர்ச் சிற்பத்தைப் படம் பிடித்துப் போட, மூன்றாமவர் இரண்டையும் மறுத்து மூன்று மணி நேர வீடியோ போட, அப்படித்தான் அந்தக் கதை உருவாகிறது. நீங்கள் ‘கீக்’ என்று அலுத்துக்கொள்கிற ரசிகர் கூட்டம் இங்கே கதைக்கு வெளியே நிற்கவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அதில் பாதி யாருக்கும் தெரிந்தே இருக்காது.

இனி என் தொழில் ரகசியம் ஒன்று. நிறைய கேம்கள் ‘உன் முடிவுகள் கதையை மாற்றும்’ என்று விளம்பரம் செய்யும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டே வழியுள்ள தேர்வு பத்து வந்தால் 1,024 தனித்தனிக் கதை எழுத வேண்டும். எந்த ஸ்டுடியோவிலும் அதற்குப் பணமோ ஆளோ கிடையாது. அதனால் கிளையைப் பிரிப்போம், கொஞ்ச தூரம் ஓடவிடுவோம், மறுபடி ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடுவோம். எங்கள் எக்செல் ஷீட்டில் ‘காவலாளியை விட்டுவிட்டார்: ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஐந்து மணி நேரம் கழித்து வேறு ஒரு பாத்திரம், ‘ஆம்’ என்றால் ‘அன்றைக்கு நீ செய்ததை மறக்கவில்லை’ என்பான், ‘இல்லை’ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வித்தியாசம் அந்த ஒரே வரிதான். ஆனால் ஆடுகிறவருக்கு உலகமே தன்னைக் கவனித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். 2012இல் வந்த ‘தி வாக்கிங் டெட்’ கேமில் நாம் ஒரு பாத்திரத்திடம் ஏதாவது சொன்னதும் அந்தப் பாத்திரம் இதை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று திரையின் ஓரத்தில் ஒரு அறிவிப்பு வரும். பெரும்பாலும் அதற்குப் பின்னால் பெரிதாக எதுவும் நடக்காது. அந்த அறிவிப்புக்கே நாம் வாயை அடக்கிப் பேச ஆரம்பித்துவிடுவோம்.

இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், ஆடுகிறவருக்குக் கொடுக்கும் ஒரு வாக்கு அது. வாக்கை எங்கே எவ்வளவு காப்பாற்றுவது என்பதில்தான் எழுதுகிறவரின் சாமர்த்தியம் இருக்கிறது. ‘மாஸ் எஃபெக்ட் 3’ என்ற விண்வெளிக் கேமின் விவகாரம் இங்கேதான் வருகிறது. முதல் பாகம் 2007, இரண்டாவது 2010, மூன்றாவது 2012 மார்ச். முதல் பாகத்தின் சேவ் ஃபைலை (நாம் ஆடியதைப் பதிந்து வைத்திருக்கும் கோப்பு) அடுத்தடுத்த பாகங்களுக்குக் கொண்டுபோகலாம். முதல் பாகத்தில் விர்மைர் என்ற கிரகத்தில் இரண்டு தோழர்களில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். நீங்கள் விட்டுவந்த ஆள் அடுத்த பாகங்களில் உயிரோடு வரமாட்டார். ஐந்து வருடம் இப்படி யார் பிழைத்தார், யார் போனார் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியீட்டுக்கு முன்பு, முடிவு வெறும் ‘அ, ஆ, இ’ என்று பிரிகிற மாதிரி இருக்காது என்று கேமை உருவாக்கிய பயோவேர் கம்பெனித் தரப்பே பேட்டியும் கொடுத்தது. கடைசியில் வந்தது மூன்று தேர்வு, கிட்டத்தட்ட ஒரே காட்சி. வெடிப்பின் நிறம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை.

ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. ஏறக்குறைய 400 கப் கேக்குகளை பயோவேர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மேலே மூன்று நிறத்தில் க்ரீம், உள்ளே எல்லாம் ஒரே வெனிலா. இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை. இன்னொரு குழு, மருத்துவமனைக் குழந்தைகளுக்கு கேம் வாங்கித்தரும் ‘சைல்ட்ஸ் ப்ளே’ அறக்கட்டளைக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டித் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. ஜூன் மாதம் கம்பெனி ‘எக்ஸ்டென்டட் கட்’ என்று இலவசமாக ஒரு இணைப்பை வெளியிட்டது. முடிவை மாற்றவில்லை, விளக்கத்தைக் கூட்டியது. எதையுமே தேர்ந்தெடுக்க மாட்டேன் என்று மறுக்கும் நான்காவது வழி ஒன்றையும் சேர்த்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் எல்லோரும் அழிந்துபோவார்கள். அது ரசிகர்களுக்குக் காட்டிய பழிப்பா, மரியாதையா என்று இன்றைக்கும் வாக்குவாதம் நடக்கிறது. எழுதியவர்களின் மனதுக்குள் புகுந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ‘நீயும்தான் இதை எழுதுகிறாய்’ என்று ஐந்து வருடம் சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்தில் பேனாவைப் பிடுங்கிக்கொண்டால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். அதே சமயம், சிலர் இதை நுகர்வோர் புகாராக அரசு அமைப்பு வரை கொண்டுபோனது எனக்கு ஒப்பவில்லை. மோசமான முடிவும் முடிவுதான், உடைந்த மிக்ஸி இல்லை.

இது கேம் ரசிகர்களுக்கு மட்டும் உள்ள வியாதியா என்று கேட்டீர்களே, நிச்சயமாக இல்லை. 1893 டிசம்பரில் கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றபோது வாசகர்கள் கொதித்துப் பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள். பத்து வருடம் கழித்து 1903இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பினார். லண்டன் இளைஞர்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு திரிந்தார்கள் என்று கூடவே ஒரு கதை சொல்வார்கள். அது பிற்காலத்தில் எழுதியவர்கள் வழியாகப் பரவியது, நான் அதை உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. 1967–68இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள், மூன்றாவது சீசன் வந்தது. பத்து லட்சம் கடிதம் என்று ஆர்வத்தில் சொல்பவர்கள் உண்டு. தொடரை ஒளிபரப்பிய என்பிசி தரப்புக் கணக்கு சுமார் 1,16,000. அதுவே பெரிய எண்தான், ஊதிப் பெருக்க வேண்டியதில்லை.

ஆனால் கேம் ரசிகர்களிடம் மட்டும் காணக்கிடைக்கும் ஒன்றும் இருக்கிறது: கதையே இல்லாத இடத்தில் கதையை முளைக்க வைப்பது. 2014 பிப்ரவரி 12 அன்று கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் ட்விச் தளத்தில் ஒருவர், போக்கிமான் என்ற விசித்திரப் பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் பழைய ‘போக்கிமான் ரெட்’ கேமை ஓடவிட்டார். சாட்டில் யார் ‘மேலே’, ‘கீழே’, ‘ஏ’, ‘பி’ என்று தட்டினாலும் அந்தப் பொத்தான் கேமில் அழுந்தும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே கன்ட்ரோலரைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? கதாநாயகன் சுவரில் முட்டிக்கொண்டே நின்றான். சண்டை நடுவில் சும்மா சும்மா பையைத் திறந்து ‘ஹீலிக்ஸ் ஃபாசில்’ என்ற, அந்த நேரத்துக்கு எதற்குமே உதவாத கல்லை எடுத்துப் பார்த்தான். அது தற்செயல். ஆனால் ரசிகர்கள், ‘அவன் தெய்வத்திடம் ஆலோசனை கேட்கிறான்’ என்று அர்த்தம் கொடுத்தார்கள். ஒரே நாளில் அந்தக் கல் கடவுளாகிவிட்டது. இன்னொரு பக்கம், கூட இருந்த போக்கிமான் ஒன்றுக்குத் தப்பான உருமாற்றக் கல்லைக் கொடுத்ததால் அது வேப்போரியனுக்குப் பதில் ஃப்ளேரியனாக மாறி, அதைப் பெட்டியில் வைக்கப்போன குழப்பத்தில் ஆரம்பத்திலிருந்து கூட இருந்த சார்மீலியன் என்ற போக்கிமான் காட்டுக்கு விடுவிக்கப்பட்டது. அதனால் ஃப்ளேரியன் ‘பொய்த் தீர்க்கதரிசி’ ஆனது. குழப்பத்தைக் குறைக்க வாக்கெடுப்பு முறை வந்தபோது, ஜனநாயகமா அராஜகமா என்று கட்சி பிரிந்து சண்டை. மார்ச் 1 அன்று கேமை முடித்தேவிட்டார்கள். படங்கள், வேத வசனங்கள், துதிப்பாடல்கள் என்று அதற்குள் ஒரு புராணமே தயாராகிவிட்டது. ஒரு எழுத்தாளரும் சம்பளம் வாங்கவில்லை. என் தொழிலுக்கு இது கொஞ்சம் பயமூட்டும் செய்திதான்.

இந்தக் கூட்டத்திலிருந்துதான் அடுத்த தலைமுறைப் படைப்பாளிகளும் வருகிறார்கள். ‘மதர் 3’ 2006இல் ஜப்பானில் மட்டும் வந்தது. கம்பெனி ஆங்கிலத்தில் கொண்டுவரவில்லை என்றதும் ரசிகர்களே மொழிபெயர்த்து 2008 அக்டோபரில் இலவசமாக வெளியிட்டார்கள். அதே ரசிகர் வட்டத்தில் பழைய பாகத்தைக் குடைந்து தன் சொந்த ‘ஹேக்’ (மாற்றியமைத்த பதிப்பு) செய்துகொண்டிருந்த டோபி ஃபாக்ஸ் என்ற பையன், 2015இல் ‘அண்டர்டேல்’ எடுத்தார். அதில் ஒரு பாத்திரத்தைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேவுக்குத் திரும்பி அவளைக் காப்பாற்றினால், நீ செய்தது எனக்குத் தெரியும் என்று ஒரு பூ சிரிக்கும். சேவ் ஃபைலையே கதைக்குள் இழுத்துவிட்ட யோசனை அது. இப்படி யோசிக்க, கேம்களை உள்ளும் புறமும் கலைத்துப் பார்த்த ரசிகனால்தான் முடியும்.

சரி, அழுக்குப் பக்கம். அதை மூடி மறைத்து எழுதினால் நீங்கள் கேட்டதற்குப் பதிலாகாது. 2014இல் ‘கேமர்கேட்’ என்ற பெயரில் கேம் துறைப் பெண்கள் பலர் மாதக்கணக்கில் வேட்டையாடப்பட்டார்கள். பத்திரிகை நேர்மை பற்றிய விவாதம் என்று சொல்லிக்கொண்டாலும், வீட்டு முகவரியை வெளியிட்டு மிரட்டுவதில் என்ன விவாதம் இருக்கிறது? 2020 ஜூனில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ வந்தபோது, விற்பனைக்கு வந்த சில மணி நேரத்தில் விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் ஆயிரக்கணக்கில் பூஜ்ய மதிப்பெண் விழுந்தது. முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேம் அது. அடுத்த மாதமே அந்தத் தளம் கேம் வெளியாகி 36 மணி நேரம் கழிந்த பிறகுதான் பயனர் விமர்சனம் என்று விதியை மாற்றியது. அபி என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. எழுதாத வரிக்காக, நடித்தவருக்கு.

அந்தக் கோபத்தில் பெண் பாத்திரங்கள் மீதான வெறுப்பும், முன்கூட்டியே கசிந்த காட்சிகளால் வந்த எரிச்சலும் இருந்தன. அவை கண்ணுக்கு முன்னால் எழுதப்பட்டே இருந்தன. இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பது என் ஊகம். அந்தக் கேம், முதல் பாகத்து நாயகனைக் கொன்ற அபியின் இடத்தில் பாதி நேரம் நம்மை நிறுத்தி, அவள் கையால் சண்டை போட வைக்கிறது. கடைசியில் கேமின் நாயகி எல்லியாக மாறி, மெலிந்து துவண்ட அதே அபியை அடிக்கச் சொல்கிறது. பொத்தானை அழுத்தாவிட்டால் கதை நகராது. ‘பிரதர்ஸ்’ கேமில் நம் கை கண்டுபிடித்துச் செய்த காரியத்துக்கு நேர் எதிர் இது. இங்கே கை கட்டாயப்படுத்தப்படுகிறது. எனக்கு அது துணிச்சலான எழுத்தாகப் பட்டது. நண்பர் ஒருவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்கு அதற்கு மேல் ஆடவில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை: ‘அவள் செய்வதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன், என்னைச் செய்யச் சொன்னால் எப்படி?’ படைப்பு பிடிக்காதவர் இப்படி விலகிக்கொள்ளலாம், கிழித்து விமர்சனம் எழுதலாம், கப் கேக் அனுப்பலாம். ஒரு மனிதரின் வீட்டு வாசலுக்குப் போகும்போது அது ரசிகர் செயல் என்ற கணக்கிலேயே வராது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரு ஆள் தனியாக ஆடும் கதைக் கேம்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம்களின் ரசிகர் உலகம் வேறு, நான் சொன்னதை அங்கே அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். அப்புறம், ‘ரசிகர்கள் கொதிப்பு’ என்று செய்தி வரும்போதெல்லாம் அது யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கேமை வாங்கியவர்களில் கணிசமானவர்கள் முடிவு வரை போவதே இல்லை. கேம் தளங்களில் ‘கதையை முடித்தவர்’ பதக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சதவீதத்தைப் பார்த்தாலே தெரியும். முடித்தவர்களிலும் எழுத வருபவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் குரல்தான் நமக்குக் கேட்கிறது.

கட்சீனைத் தாண்டுவது பற்றி: தாராளமாகத் தாண்டுங்கள், யாரும் கேஸ் போடமாட்டார்கள். ஆனால் கட்சீனையே நம்பாத கேம் ஒன்றை ஒருமுறை முயன்று பாருங்கள். 2018இல் லூகாஸ் போப் செய்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ உங்களுக்குப் பிடிக்கக்கூடும். திரும்பி வந்த ஆளில்லாக் கப்பலில் அறுபது பேருக்கு என்ன ஆனது என்று நீங்களே துப்பறிய வேண்டும். செத்த கணத்தின் உறைந்த காட்சியும் அதற்கு முந்திய சில நொடிச் சத்தமும்தான் தடயம். காகிதம், பேனா எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்கிக்கொண்டால் விடை தேடி ரசிகர் தளங்களுக்கு ஓடாதீர்கள், ஒருமுறை விடை தெரிந்துவிட்டால் அந்தக் கேமை மறுபடி ஆட வழியில்லை. முடித்த பிறகு போங்கள், அந்த மாலுமிகளில் யார் யார் என்று இன்னும் அங்கே வாதாடிக்கொண்டிருப்பார்கள்.